பை குடுங்க அண்ணாச்சி! மும்பை மளிகைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவிக்கும் சயானுக்கும் நடுவே எங்கள் குடும்ப மளிகைக் கடை. வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். மிச்சம் மராத்திக்காரர்கள், உ.பி.காரர்கள், பக்கத்து பில்டிங் குஜராத்திகள். பை விஷயமாகக் கல்லாவில் உட்கார்ந்து பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். குடியிருப்பு சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம்.

முன்னெல்லாம் பை சும்மாதானே கொடுத்தீங்க, இப்ப மட்டும் ஏன் காசு?

சும்மா எங்கே கொடுத்தோம்? பை வாங்கிய செலவு துவரம்பருப்பு விலைக்குள் உட்கார்ந்திருந்தது. பை கொண்டு வந்தவரும் அதைக் கொடுத்தார், கொண்டு வராதவரும் கொடுத்தார். இப்போது பை வேண்டியவர் மட்டும் கொடுக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஏற்பாடு இது: துணிப்பை 20 ரூபாய். கிழியாமல், அழுக்கில்லாமல் திருப்பிக் கொண்டு வந்தால் 20 ரூபாயும் உங்கள் கையில். பழுப்புக் காகிதப் பை 5 ரூபாய், அது திரும்ப எடுப்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பை கடையிலேயே கிடையாது, கேட்டுப் பிரயோஜனமில்லை.

இதில் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடக்கிறது. பை இலவசமாக இருந்தபோது யாரும் பை கேட்கவே மாட்டார்கள். நானாகவே போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒரு தீப்பெட்டி, ஒரு சோப்புக்குக்கூட ஒரு பை. கை அந்தப் பழக்கத்தில் ஓடும். விலை வைத்த பிறகு "பை வேணுமா?" என்று நான் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டதும் எதிரே நிற்கிறவர் என்னைப் பார்ப்பதில்லை, தன் கையைத்தான் பார்க்கிறார். பால் பாக்கெட் ஒரு கையில், ரவை இன்னொரு கையில், தோளில் ஏற்கெனவே ஆபீஸ் பை. "வேண்டாம், இப்படியே கொடுங்க" என்று போய்விடுகிறார். தேவையே இல்லாத பை அத்தனை போய்க்கொண்டிருந்தது என்பது விலை வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது.

இது கவர்மென்ட் சட்டமா, இல்ல உங்க கடை ரூலா?

இரண்டும் கலந்தது. பைக்கு 20 ரூபாய், 5 ரூபாய் என்பது எங்கள் கடை முடிவு. பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது என்பது சட்டம்.

கதை கொஞ்சம் நீளம். 2011-இல் மத்திய அரசு பிளாஸ்டிக் கழிவு விதிகளைக் கொண்டு வந்தபோது, கடைக்காரர்கள் கேரி பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. எத்தனை பேர் பின்பற்றினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். 2016 விதிகளில் இன்னும் இறுக்கினார்கள். பிளாஸ்டிக் பை கொடுக்க விரும்பும் கடை மாநகராட்சியில் பதிவு செய்துகொண்டு மாதம் குறைந்தது 4,000 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். தெருமுனைக் கடைக்கு இது நடக்கிற காரியமா? 2018 மார்ச்சில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆக, பைக்கு இவ்வளவு கட்டணம் என்று தேசம் முழுக்க ஒரே விதி இன்றைக்கு இல்லை.

மகாராஷ்டிரா வேறு வழியில் போனது. 2018 மார்ச் 23 அன்று வந்த அறிவிப்பில் கைப்பிடி உள்ளது, இல்லாதது என்று எல்லா பிளாஸ்டிக் பைக்கும் தடை. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப், ஸ்பூன், ஸ்ட்ரா எல்லாம் சேர்த்துத்தான். மூன்று மாத அவகாசம் முடிந்து ஜூன் 23 முதல் அபராதம்: முதல் தடவை 5,000 ரூபாய், இரண்டாம் தடவை 10,000, மூன்றாம் தடவை 25,000 ரூபாயோடு மூன்று மாதம் சிறை. தயாரிப்பவர், விற்பவர், வைத்திருப்பவர், பயன்படுத்துபவர் என எல்லாரும் இதற்குள் வருகிறார்கள்.

"120 மைக்ரான்"னு அச்சடிச்ச பை மார்க்கெட்டில் கிடைக்குதே?

மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மத்திய விதிப்படி பையின் குறைந்தபட்ச தடிமன் 2016-இல் 50 மைக்ரான், 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. தடிமனாக்கினால் விலை ஏறும், சும்மா கொடுக்கக் கடைக்காரர் யோசிப்பார், பொறுக்குகிறவருக்கும் எடை நிற்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் மகாராஷ்டிராவின் 2018 தடை தடிமன் பார்த்து வரவில்லை. அதனால் பையில் என்ன அச்சடித்திருந்தாலும் நான் அதைக் கல்லாவுக்குக் கீழே வைக்கப் போவதில்லை. அச்சடிப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். மைக்ரான் அளக்கிற கருவி என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை.

தடையே இருக்கும்போது கட்டணம் எதுக்கு? தடை போதாதா?

தடை எப்படி வேலை செய்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன். 2018 ஜூன் கடைசி வாரம் எங்கள் ரோட்டில் ஒரு பை பார்க்க முடியாது. நீலச் சீருடையில் மாநகராட்சி ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். சில மாதங்கள் போனதும் முதலில் பூக்காரரிடம், பிறகு காய்கறிக்காரரிடம், பிறகு மீன் கூடைக்கு அடியில் என்று பை திரும்பி வந்தது. ரெய்டு வரும் என்று தகவல் வந்தால் உள்ளே போகும், போனபின் வெளியே வரும். தடை பையை ஒழிக்கவில்லை. மேஜைக்கு மேலே இருந்ததைக் கீழே தள்ளியது.

கட்டணம் வேறு விதமாக வேலை செய்கிறது. அயர்லாந்தில் 2002 மார்ச்சில் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். அதற்கு முன் ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 328 பை என்று கணக்கிட்டிருந்தார்கள். வரி வந்தபின் அது 21 ஆனது. இதில் எனக்குப் பிடித்தது அந்த 15 சென்ட் வந்த விதம். ஒரு பைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று முன்கூட்டியே மக்களிடம் கேட்டிருக்கிறார்கள். சராசரி 2.4 சென்ட் என்று வந்தது. அதைப் போல ஆறு மடங்குக்கு மேல் விலையை வைத்தார்கள். "கொடுத்துத் தொலைப்போம்" என்று தோன்றாத விலை. சில வருஷத்தில் பயன்பாடு லேசாக ஏறியதும் 2007-இல் 22 சென்ட் ஆக்கினார்கள். வசூலான பணம் சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது.

இதற்கு நேர் எதிர் தென்னாப்பிரிக்கா. 2003-இல் பைக்கு அவர்கள் ராண்ட் காசில் 46 சென்ட் என்று ஆரம்பித்தார்கள், முதலில் பயன்பாடு நன்றாகக் குறைந்தது. வியாபாரிகள் பக்கமிருந்து அழுத்தம் வந்து சில மாதத்திலேயே 17 சென்ட்டுக்கு இறக்கினார்கள். மக்களுக்கு அது பழகிப்போய், பை மெல்ல மெல்லத் திரும்பியது. எங்கள் காகிதப் பையை 2 ரூபாய்க்குக் கேட்கிறவர்களுக்கு நான் 5 ரூபாயிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டில் ஒன்று போதும் என்று நான் சொல்ல மாட்டேன். மெல்லிய பைக்குத் தடை வேண்டும், ஏனென்றால் அதற்கு எந்த விலை வைத்தாலும் கடைசியில் அது சாக்கடைக்குத்தான் போகும். அதற்கு மாற்றாக வரும் பைக்கு விலை வேண்டும். இல்லாவிட்டால் காகிதமும் துணியும் அதே மாதிரி வீணாகும்.

பெரிய கடைகளில் அவங்க பேரைப் போட்ட பைக்கே காசு வாங்குறாங்க. இது நியாயமா?

பலர் நுகர்வோர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2019-இல் சண்டிகரில், 3 ரூபாய்க் காகிதப் பைக்காக பாட்டா நிறுவனத்தை 9,000 ரூபாய் கட்டச் சொன்னது அங்குள்ள நுகர்வோர் மன்றம். தன் விளம்பரத்தைச் சுமக்கும் பைக்கு வாடிக்கையாளரிடமே காசு வாங்குவது சரியில்லை என்பது வாதம். 2020 டிசம்பரில் பிக் பஜார் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையமும் கடுமையாகச் சொன்னது. பைக்குக் காசு உண்டு, இவ்வளவு விலை, இன்ன மாதிரிப் பை என்பதை வாடிக்கையாளர் பொருளை எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பில் போடும் இடத்தில் வந்து, கை நிறையச் சாமானோடு நிற்கிறவரிடம் சொல்வது முறையற்ற வணிகம்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தமில்லை, ஏற்புதான். அதனால்தான் கடை வாசலில், அரிசி மூட்டைக்கு மேலே, தமிழிலும் மராத்தியிலும் ஹிந்தியிலும் விலை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். எங்கள் துணிப்பையில் கடைப் பெயரும் கிடையாது.

காசு வாங்குறதுக்குப் பதிலா, பை கொண்டு வர்றவங்களுக்கு ஒரு ரூபா குறைச்சுக் கொடுக்கலாமே?

கேட்க நன்றாக இருக்கிறது, வேலைக்கு ஆகாது. அமெரிக்காவில் வாஷிங்டன் பகுதிக் கடைகளில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். பைக்கு 5 சென்ட் வரி போட்டதும் பயன்பாடு பெருமளவு விழுந்தது. பை கொண்டு வந்தால் 5 சென்ட் தள்ளுபடி என்ற கடைகளில் கிட்டத்தட்ட எதுவும் மாறவில்லை. காசு அதேதான். வருகிற ரூபாயைவிடப் போகிற ரூபாய்தான் மனுஷனுக்கு உறைக்கிறது.

2005 வெள்ளத்துக்குப் பைதான் காரணம்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. நகரத்தின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் கணக்கில் கட்டியவை. அன்றைக்குக் கடலில் பெரிய ஏற்றம் வேறு. மித்தி ஆற்றை இரண்டு பக்கமும் நெருக்கி, திருப்பி, குறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பைகூட இல்லாத நகரமாக இருந்திருந்தாலும் அன்று வெள்ளம் வந்திருக்கும்.

ஆனால் தண்ணீர் வடியாமல் நின்றதில் பைக்குப் பங்கு உண்டு. நாலாவின், அதாவது பெரிய சாக்கடைக் கால்வாயின், வாயிலில் இரும்புக் கம்பி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பை மாட்டினால் அதன்மேல் இலை, அதன்மேல் சேறு, அதன்மேல் இன்னொரு பை என்று ஒரு சுவரே எழும்பிவிடும். ஒவ்வொரு மே மாதமும் நாலா தூர்வாரும்போது கரையில் குவித்து வைப்பதைப் பாருங்கள். கறுப்புச் சேறு பாதி, மக்காத பை பாதி. அதையும் சமயத்தில் அள்ளாமல் விட்டால் முதல் மழையில் திரும்ப உள்ளேயே போகும். 2005-க்குப் பிறகு மாநில அரசு 50 மைக்ரானுக்குக் குறைந்த பைகளைத் தடை செய்தது இந்த அனுபவத்தால்தான். பங்களாதேஷும் வெள்ளத்தில் அடிபட்ட பிறகுதான் 2002-இல் மெல்லிய பாலித்தீன் பையை நிறுத்தியது.

பையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஆற்றை ஆக்கிரமித்தவர்களை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. அதற்காகப் பைக்கு விடுதலைப் பத்திரமும் எழுத மாட்டேன்.

நம்ம தாராவியில்தான் எல்லா பிளாஸ்டிக்கும் ரீசைக்கிள் ஆகுதே? அப்புறம் என்ன கவலை?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதுவும் பெருமையோடு. பெருமைக்குரிய விஷயம்தான். தாராவியில் ரீசைக்கிள் பட்டறைகள் இருக்கும் 13 காம்பவுண்ட் பக்கம் போனால் எண்ணெய் டின், கேன், உடைந்த நாற்காலி, பொம்மை, கம்ப்யூட்டர் மூடி என்று எதுவும் வீணாவதில்லை. தரம் பிரிக்கிற ஆட்களுக்குக் கையால் வளைத்து, தட்டிச் சத்தம் கேட்டு, தேவைப்பட்டால் ஒரு மூலையைக் கொளுத்தி மோந்து பார்த்து இன்ன வகை என்று சொல்லத் தெரியும். பிறகு நொறுக்கி, கழுவி, மொட்டை மாடித் தகரத்தில் காய வைத்து, உருக்கி இழையாக இழுத்து, "தானா" என்கிற மணிகளாக வெட்டி மூட்டை கட்டுகிறார்கள்.

அங்கே போய் ஒரு கட்டு அழுக்கு கேரி பையைக் கொடுத்துப் பாருங்கள். திருப்பி உங்கள் கையிலேயே தருவார்கள். பொறுக்குகிறவருக்குக் கூலி எடையில்தான். ஒரு மெல்லிய பை 2 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோ சேர 500 தடவை குனிய வேண்டும். அதே நேரத்தில் பாட்டில் பொறுக்கினால் எத்தனையோ மடங்கு தேறும். பொறுக்கி வந்த பையிலும் மீன் தண்ணீர், சாம்பார், சேறு. கழுவுகிற செலவு பையின் விலையைவிட அதிகம். மெஷினில் போட்டால் சுற்றிக்கொள்ளும்.

பால் பாக்கெட்டைப் பாருங்கள், அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் தடிமன் உண்டு, எல்லாம் ஒரே வகை, கழுவிக் காய வைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பங்கார் கடையில், அதாவது பழைய சாமான் வாங்கும் கடையில், அதற்கு விலை உண்டு. 2018 அறிவிப்பில் பால் பாக்கெட்டுக்குத் திரும்பப்பெறும் விலையாகக் குறைந்தது 50 பைசா என்றுகூட எழுதினார்கள். காகிதத்தில் இருந்தது, எங்கள் கல்லாவுக்கு வரவில்லை.

தாராவி எதை எடுத்துக்கொள்ளும் என்பதை முடிவு செய்வது அதன் விலை. விலையில்லாத பை தேவ்னார் குப்பை மேட்டுக்கோ மாஹிம் கழிமுகத்துக்கோ போகிறது.

கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை வீட்ல நிறைய இருக்கு. அது துணிதானே?

பழையது என்றால் துணி. இப்போது பல கல்யாணங்களில் கொடுப்பது "நான்-ஓவன்" பை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊடும் பாவும் இருக்காது. சின்னச் சின்னப் புள்ளியாக அழுத்தி ஒட்டியிருக்கும். அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். பால்கனி ஆணியில் சில மாதம் வெயிலில் தொங்கவிட்டால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடியை என்ன செய்தாலும் திரும்ப அள்ள முடியாது.

இதைப் பார்த்துத் தூக்கியெறிந்துவிடாதீர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பை. வெயில் படாமல் வைத்து, கிழியும் வரை பயன்படுத்துங்கள். அடுத்து வீட்டில் கல்யாணம் வந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிப் பருத்தி மஞ்சப்பைக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசே இயக்கம் தொடங்கி, கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு தாதர் ஸ்டேஷனில் இறங்கியவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர் இது. இப்போது அதையே அழகாகப் படம் அச்சடித்து மாலில் விலைக்கு வைத்திருக்கிறார்கள்.

பிளாஸ்டிக்கைவிடத் துணிப்பைதான் சுற்றுச்சூழலுக்குக் கேடுன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சே?

முழுப் பொய்யில்லை. பருத்தி விளைய தண்ணீர், உரம், மருந்து எல்லாம் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்தால், ஒரே தடவை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வரக் காகிதப் பையை 3 தடவை, நான்-ஓவன் பையை 11 தடவை, பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது.

131 தடவை என்றால் பயமாகத்தான் இருக்கும். வாரத்துக்கு மூன்று தடவை கடைக்கு வருகிறவருக்கு அது ஒரு வருஷத்துக்குள் முடிகிற கணக்கு. நல்ல கித்தான் பை பல வருஷம் உழைக்கும். அந்த ஃபார்வர்டு சொல்லாத விஷயம், இந்தக் கணக்கில் அடைபடும் சாக்கடை வரவில்லை. மும்பைக்கு அதுதான் பெரிய கணக்கு.

ஃபார்வர்டில் ஒரு பாடம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய துணிப்பை வாங்கிக் குவிக்காதீர்கள். பழைய பேன்ட், வேட்டி, படுக்கை விரிப்பு எதையாவது நம்ம ஏரியா தையல்காரரிடம் கொடுத்தால் பை ஆகிவிடும். அதற்குப் பருத்தி புதிதாக விளைய வேண்டியதில்லை. அடியில் மட்டும் இரட்டைத் துணி வைக்கச் சொல்லுங்கள், அரிசி அங்கேதான் கிழிக்கும்.

"மக்கும் பை"ன்னு பச்சை எழுத்துல போட்டு வருதே, அது?

பை தானாக மண்ணில் கரைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கம்போஸ்ட் ஆகும் பைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். சான்று பெற்றதும்கூடத் தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டில்தான் ஒழுங்காக மக்கும், நாலாவில் கிடந்தால் அதுவும் அடைப்புதான். மகாராஷ்டிரா 2018-இல் இதை நாற்றுப் பண்ணை, விவசாயம், குப்பை கையாளுதல் போன்றவற்றுக்குத்தான் அனுமதித்தது. ஒரு விற்பனையாளர் எங்களிடம் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்தார். சான்று எண் கேட்டதும் "அடுத்த வாரம் தர்றேன்" என்று போனவர்தான்.

சரி, இட்லி மாவு, சாம்பார், மீன் இதுக்கெல்லாம் துணிப்பை எப்படி?

உண்மையான கஷ்டம் இங்கேதான். மளிகைக்குப் பை என்பது எளிய பிரச்சினை.

மாவு முதலில். எங்கள் கடையில் மாலை ஐந்து மணிக்கு மாவு வரும். தூக்குவாளி கொண்டு வருபவருக்கு நிறுத்து ஊற்றிக் கொடுக்கிறோம். பாத்திரத்தின் எடையை முதலில் தராசில் வைத்துக் கழித்துவிடுவோம், யாரும் சந்தேகப்பட வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெயில் காலத்தில் மாவு பொங்கி, வாளியின் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றினால் வீடு போய்ச் சேருவதற்குள் படியெல்லாம் மாவாகிவிடும்.

சாம்பார், சட்னி பார்சல் ஹோட்டல்காரர் சமாச்சாரம். ஆனாலும் சொல்கிறேன். கொதிக்கக் கொதிக்க மெல்லிய பையில் ஊற்றி, வாயை முறுக்கி நூல் சுற்றிக் கொடுப்பதை நான் வீட்டுக்கு வாங்குவதில்லை. அந்தப் பை என்ன சரக்கில் செய்தது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது. மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த பையைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2016 விதியிலேயே இருந்தது. கறுப்புப் பைகள் பெரும்பாலும் அந்த ரகம். பக்கத்து ஹோட்டலுக்கு டிபன் கேரியரோடு போங்கள். முதல் நாள் முறைப்பார்கள், ஒரு வாரத்தில் இரண்டு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவார்கள்.

வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் கட்டி வாங்குவது இதற்கு மாற்று இல்லை. அச்சு மை உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. வாழையிலை இருக்கவே இருக்கிறது. மாட்டுங்கா பூ மார்க்கெட்டில் இலை, பூ இரண்டும் ஒரே நடையில் வாங்கிக்கொள்ளலாம்.

மீனுக்கு எவர்சில்வர் டப்பா. மீன் விற்கும் கோலிக்காரம்மாக்கள் டப்பாவைப் பார்த்தால் முகம் சுளிப்பதில்லை. அவர்களுக்குப் பை செலவு மிச்சம். டப்பா எடுக்க மறந்தவர்களுக்கு ஒரு யோசனை: நம் ஊர் ஒயர்க்கூடை. அம்மா பின்னியது பரணில் இருந்தால் இறக்குங்கள். மீன் தண்ணீர் பட்டாலும் குழாயடியில் காட்டி உதறினால் முடிந்தது. அதுவும் பிளாஸ்டிக் ஒயர்தானே என்று மடக்குகிறவர்களுக்கு: ஆமாம், ஆனால் எங்கள் வீட்டுக் கூடைக்கு என் மகளைவிட வயசு அதிகம்.

கேரி பையைத்தான் குப்பைக் கூடைக்குப் போடுவோம். இனி அதுக்கு என்ன பண்ண?

நல்ல கேள்வி, பலர் இதை மறைக்கிறார்கள். கலிபோர்னியாவில் கடைப் பையைத் தடை செய்தபோது மக்கள் சின்னக் குப்பைப் பைகளைக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். மிச்சமான பிளாஸ்டிக்கில் கால்வாசிக்கு மேல் அப்படித் திரும்ப வந்துவிட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்தால் கூடைக்குப் பை தேவையில்லை. அடியில் நாலாக மடித்த செய்தித்தாள், அதன்மேல் காய்கறித் தோல், டீத்தூள். தினமும் கொட்டிக் கழுவலாம். காய்ந்த குப்பைக்கு எந்தப் பழைய மூட்டையும் போதும். டயப்பர், நாப்கின் மட்டும் காகிதத்தில் சுற்றித் தனியே.

பை எடுத்துட்டு வர மறந்துடுது. என்ன செய்ய?

வீட்டிலிருந்து நேராகக் கடைக்கு வருகிறவர் அவ்வளவாக மறப்பதில்லை. மறப்பது ஆபீஸிலிருந்து திரும்புகிறவர். லோக்கல் ரயிலில் நசுங்கி சயான் ஸ்டேஷனில் இறங்குகிறார், படிக்கட்டு முடியும் இடத்தில் கீரையும் வெண்டைக்காயும் மலிவாக இருக்கிறது, கையில் பை இல்லை. மும்பையில் பிளாஸ்டிக் பை உயிரோடு இருப்பது அந்த இடத்தில்தான் என்பது என் அபிப்ராயம். ஆகவே பை இருக்க வேண்டிய இடம் சமையலறை ஆணி இல்லை, ஆபீஸ் பையின் பக்கவாட்டு ஜிப். மெல்லிய துணியில் தைத்தால் கைக்குட்டை அளவுக்கு மடியும். ஸ்கூட்டர் வைத்திருப்பவர் டிக்கியில் ஒன்று போட்டுவிடலாம்.

சொசைட்டியில் வாட்ச்மேன் அறைக்கு வெளியே ஒரு கொக்கி அடித்து, உபரிப் பைகளை மாட்டிவைத்திருக்கும் பில்டிங் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. எடுத்துப் போவார்கள், திரும்ப மாட்டுவார்கள். சிலர் மாட்ட மாட்டார்கள். அதற்காகச் செயலாளர் சண்டை போடுவதில்லை, அதனால்தான் அது இன்னும் ஓடுகிறது.

தள்ளுவண்டிக்காரர் கொடுக்கிறாரே, அவரிடம் போய் இதெல்லாம் பேசுவீங்களா?

பேசுகிறேன். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான் கொடுக்கலேன்னா பக்கத்து வண்டிக்குப் போயிடுவாங்க." அதில் தப்பு சொல்ல முடியாது. 5,000 ரூபாய் அபராதம் அவருடைய பல நாள் சம்பாத்தியம். பிடித்தால் அவரைப் பிடிப்பார்கள், பை தயாரித்த ஆலையை அல்ல. எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தியதால்தான் எனக்கு வியாபாரம் குறையவில்லை. நான் மட்டும் நிறுத்தியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். வண்டிகளுக்கும் அப்படி ஒரே நாளில், ஒரே ரோட்டில் செய்தால்தான் நடக்கும். அதுவரை வாங்குகிறவர் பையை விரித்து நீட்டினால், அவர் வேறு பை எடுக்கப் போவதில்லை.

வீட்ல பழைய கேரி பை ஒரு மூட்டை சேர்ந்திருக்கு. குப்பையில் போடவா?

போடாதீர்கள். சுத்தமாக, காய்ந்ததாக இருப்பதைத் தனியே எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து ஒரே கட்டாக்குங்கள். உதிரியாகக் கொடுத்தால் வாங்காத பங்கார் கடைக்காரர், பால் பாக்கெட்டோடு சேர்த்துக் கட்டாகக் கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். காசு எதிர்பார்க்காதீர்கள். எண்ணெய், மசாலா ஒட்டியதைக் கழுவ ஒரு வாளித் தண்ணீரைச் செலவு செய்ய வேண்டாம், அது காய்ந்த குப்பை வண்டிக்கே போகட்டும். எங்கள் கடைத் துணிப்பை அந்த மூட்டையில் கலந்திருந்தால் எடுத்து வாருங்கள், பைக்கு 20 ரூபாய் இருக்கிறது.